ஜல்லி லைனில் போட்ட துண்டு

மந்தாரக்குப்பத்தில் ரயில் பாதையைப் பார்த்து வாசல் வைத்த மாடி வீடு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது என்னுடையது. மற்றவர்கள் ரோட்டைப் பார்த்துக் கட்டினார்கள், நான் தண்டவாளத்தைப் பார்த்துக் கட்டினேன். கடைக்கால் போடும்போதே கொத்தனார் கேட்டார்: "இன்னா மொதலாளி, வாசல் தெச மாறிப்போச்சா?" தெரிந்துதான் வைக்கிறேன், நீ கல்லை வை என்றேன். அந்த வீட்டின் மேல்மாடியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பு கிடையாது, ஐந்தாவதோடு சரி. ஒற்று எங்காவது விட்டுப்போயிருந்தால் அச்சடிப்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும். விஷயம் விட்டுப்போகாது.

என் அப்பா இங்கே முதல் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியபோது மண் சுமந்தவர். நானும் சுமந்தேன், தலையில் சும்மாடு, அதன் மேல் கூடை. பிறகு ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கினேன். பிறகு ஒரு பழைய டிப்பர் லாரி, அது சம்பாதித்துக் கொடுத்ததில் இன்னொரு லாரி. சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பில் பர்மனன்ட் ஆனவர்கள் ஷிஃப்ட் முடிந்து ஸ்கூட்டரில் போகும்போது, காண்ட்ராக்ட் ஆளான நான் ஓரமாக நின்று வழி விட்டிருக்கிறேன். இன்றைக்கு அவர்களில் பாதிப்பேர் இங்கே இல்லை. ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் இருக்கிற ஊருக்குப் பெட்டி கட்டினார்கள். என் சம்பந்தியும் அப்படித்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆயுசு முழுக்க டவுன்ஷிப்பில் இருந்தவர். அவர் வைத்த மாமரம் இப்போது அடுத்து வந்தவருக்குக் காய்க்கிறது. எனக்கு அந்த நிலைமை இல்லை. என் கதவு, என் சாவி.

சொந்த ஊர் எது என்று கேட்டால் மட்டும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நான் பிறந்த ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே மேல்மண் அள்ளிய வண்டிகளில் என் வண்டியும் ஒன்று. அதற்காக நான் அழவில்லை. நான் போகாவிட்டால் வேறு ஒருத்தன் வண்டி போயிருக்கும், டீசல் காசு அவனுக்குக் கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு வருகிறேன். கீழே நானும் என் மனைவியும். மேல்மாடி முழுக்க எங்கள் ஒரே மகனுக்கு. தனிப் படிக்கட்டு, தனி சமையல்கட்டு, வழுக்காத டைல்ஸ், ரயில் பார்க்க நீளமான பால்கனி. கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவே ஓடுகிற இந்தப் பாதை ஒருநாள் பெரிதாகும் என்பது என் கணக்கு. சின்ன ரயில் ஓடிய இடத்தில் பெரிய ரயில் வந்தது. கரண்டுக் கம்பி இழுக்க வந்தவர்களுக்கு என் செலவில் டீயும் வடையும் கொடுத்தேன். இனி பஸ் மாதிரி அடிக்கடி ரயில் ஓடும், காலையில் ஏறி வேலைக்குப் போய்ச் சாயங்காலம் இறங்குவார்கள், அன்றைக்கு இந்த இடம்தான் ஊருக்கு நடு என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். கம்பி வந்தது. அதற்குக் கீழே சரக்கு வண்டிகள் போகின்றன, மணிக்கணக்காக ஒன்றுமே போகாமலும் இருக்கிறது.

மகன் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் படித்தான், பிறகு இன்ஜினியரிங், பிறகு ஜப்பான். கம்ப்யூட்டர் வேலை. போய் வெகு காலமாகிவிட்டது. போனில் எப்போது வருகிறாய் என்றால் "பாக்கலாம்ப்பா" என்பான். அந்தப் பாக்கலாமைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. போன வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் அனுப்பினான். நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அவனைத் திரும்பி வரச் சம்மதிக்க வைத்து, கையோடு ஒரு பதில் வாங்கி வரத்தான் போனேன். அதை மனைவியிடம் சொன்னேன்.

"அவன் இன்னா ஆட்டுக்குட்டியா, கவுறு கட்டி இழுத்துக்கினு வர்றதுக்கு?" என்றாள்.

"நான் பேசுற விதத்துல பேசுனா வருவான்."

"நீங்க பேசுனா இருக்குறவனும் ஓடிருவான்."

பெட்டியில் பண்ருட்டி முந்திரிப் பருப்பு, முறுக்கு, ஊறுகாய். என் தோளில் ஒரு புதுத் துண்டு, சிவப்புக் கரை போட்டது. துண்டு இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. வேர்வை துடைக்க மட்டும் இல்லை, இடம் பிடிக்க. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் வண்டி உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். போட்டால் அந்த சீட் நம்முடையது, ஏறுகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் துண்டைப் பார்த்து அடுத்த சீட்டுக்குப் போவான். ஆனால் அதற்கும் ஒரு வரைமுறை உண்டு. கண்டக்டர் விசில் கொடுத்து வண்டி நகரும்வரைக்கும்தான். அதற்குள் ஆள் வராவிட்டால் யார் வேண்டுமானாலும் துண்டைத் தள்ளிவிட்டு உட்காரலாம், அதில் சண்டை போடக் கூடாது. என் காலத்தில் நான் துண்டு போட்டு இழந்த இடம் ஒன்றுகூடக் கிடையாது. காண்ட்ராக்ட்டும் அப்படித்தான் பிடித்தேன், எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

ஜப்பானில் மகன் குடியிருந்தது ஒரு வாடகை வீடு. கீழே இறங்கினால் ரயில் ஸ்டேஷன். நகரத்துக்குள் இருந்து புறப்பட்டு மலை ஓரம் வரை போகிற ஒரு லைனின் முதல் ஸ்டேஷன் அது. அந்த லைனின் பெயர் என் வாயில் நுழையவில்லை. பெட்டிகளின் பக்கவாட்டில் பச்சைக் கோடு இருந்தது, அதனால் பச்சை லைன் என்று வைத்துக்கொண்டேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் நான் ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன். மனைவி வீட்டில் இருந்து பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், ரயில் என்றால் அது ரயில். ஒரு வண்டி போய் அதன் சத்தம் அடங்குவதற்குள் அடுத்தது. பிளாட்பாரத்தில் கோடு போட்டிருக்கிறார்கள், கோட்டுக்குப் பின்னால் ஜனங்கள் வரிசையாக நிற்கிறார்கள், கதவு சரியாக அவர்களுக்கு எதிரில் வந்து நிற்கிறது. கார்டு வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, கையை நீட்டிக் காட்டி, வாய்விட்டு ஏதோ சொல்லிக்கொள்கிறான். யாரோடு பேசுகிறான் என்று முதலில் சிரித்தேன். பிறகு புரிந்தது. டிப்பரைப் பின்னுக்கு எடுக்கும்போது என் கிளீனர் "வரட்டும், வரட்டும், ஓல்டான்" என்று கத்துவானே, அதுதான். இங்கே கத்துகிறவனும் அவனே, கேட்கிறவனும் அவனே.

ஒரு லீவு நாளில் மகனும் கூட வந்தான். ஸ்டேஷன் சுவரில் கண்ணாடிக்குள் பழைய போட்டோக்களை மாட்டியிருந்தார்கள். நான் தினமும் தாண்டிப் போனதுதான், நின்று பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு படத்தின் முன்னால் என் கால் நின்றுவிட்டது. ஒரு ஆறு. கரையில் கோவணம் கட்டிய ஆட்கள். முதுகிலும் தோளிலும் கூடை. பக்கத்தில் மூடி இல்லாத சின்னச் சின்ன ரயில் பெட்டிகள்.

"இது யாருடா? நம்ம ஆளுங்க மாதிரி இருக்காங்க."

மகன் கீழே எழுதியிருந்ததைப் படித்தான். "இந்த லைன மொதல்ல போட்டதே ஜல்லிக்குத்தான்பா. ஆத்துல ஜல்லியும் மணலும் அள்ளி, டவுன்ல கட்டடம் கட்ட அனுப்பியிருக்காங்க. ஒத்த லைன். மனுஷங்க ஏறுறது அப்புறம்தான்."

"ஜல்லி லைனா?"

"ஆமாம்பா. ஆத்த ரொம்பத் தோண்டிட்டாங்கன்னு பிறகு அள்ளக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. வண்டிக்கு லோடு இல்ல. கம்பெனிக்காரங்க லைன் ஓரமா வயலயெல்லாம் வாங்கி மனை போட்டு, வூடு கட்டி வித்திருக்காங்க. வூடு வந்ததும் ஜனம் வந்துது. ஜனம் வந்ததும் ரெட்ட லைன். இப்ப பாதி தூரம் பாலத்து மேல போவுது, ரோட்டுல ரயில்வே கேட்டே கிடையாது."

அடுத்தடுத்த படங்களைப் பார்த்தேன். வயலுக்கு நடுவே தனியாக ஒரு ஸ்டேஷன். அடுத்த படத்தில் ஸ்டேஷனைச் சுற்றிப் பத்துக் கூரை. அதற்கும் அடுத்ததில் கூரை தவிர வேறொன்றும் தெரியவில்லை. படிக்காத நான், எந்த இன்ஜினியரும் சொல்லிக் கொடுக்காமல், மந்தாரக்குப்பத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கு இங்கே சுவரில் மாட்டியிருந்தது.

"பாத்தியாடா! உங்கப்பன பைத்தியக்காரன்னு சொன்னாங்களே. அங்க ஜல்லி, நம்மூருல நிலக்கரி. அவ்வளவுதான வித்தியாசம்? நாளைக்கு நம்ம லைனும் இப்படித்தான் ஆவப்போவுது. அன்னிக்கு நம்ம வூடு எங்க இருக்கும் தெரியுமா? மொத வரிசையில!"

மகன் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துப் பேசினான். "இது ஆவறதுக்கு எத்தன தலமொற ஆச்சு தெரியுமாப்பா? இந்தப் படத்துல ஜல்லி அள்ளுறவருக்கு என்ன கெடச்சுது? அவரோட பேரனுக்கு வேணா வூடு கெடச்சிருக்கும்."

"அதத்தான் நானும் சொல்றேன். எடத்த இப்பவே புடிச்சு வெக்கணும்."

"நாளைக்கு ஒரு எடத்துக்குப் போவணும்பா. நீங்க ரெண்டு பேரும் வரணும்" என்று மட்டும் சொன்னான். கோயிலாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் நால்வரும் கிளம்பினோம். லீவு நாளானாலும் ஸ்டேஷனில் நல்ல கூட்டம். மலைப்பக்கம் போகிறவர்களாம், முதுகில் பை மாட்டிக் கிழவர் கிழவிகள் வரிசையில் நின்றார்கள். காலி வண்டி வந்து நின்றது. எங்களுக்கு முன்னால் இருந்த தலைகளைப் பார்த்ததுமே நான்கு பேருக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. கதவு திறந்தது. வரிசைக்கு ஓரமாகப் புகுந்து, தோளில் இருந்த துண்டை உதறி, நீளப் பெஞ்சியில் நான்கு பேர் உட்காரும் அளவுக்கு விரித்துப் போட்டேன். இந்த வயதில் அந்த வேகம் எவனுக்கு வரும்?

"வா, வா, எடம் புடிச்சாச்சு!" என்று மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள், நான் இன்னொரு ஓரத்தில். நடுவில் துண்டு. அது மகனுக்கும் மருமகளுக்கும்.

மகன் கதவு ஓரத்திலேயே நின்றுவிட்டான். அவன் முகம் கறுத்துப் போயிருந்தது. மருமகள்தான் அருகில் வந்து குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "மாமா, இங்க இப்படி போடக் கூடாது மாமா. துண்ட எடுத்துருங்களேன், ப்ளீஸ்."

"நீ உட்காரும்மா. எடுத்துடறேன்."

"இல்ல மாமா, நான் நிக்கறேன்."

வண்டி நிரம்பியது. எங்கள் எதிரில் தோளோடு தோள் உரசி ஆட்கள் நின்றார்கள். என் வயதுக் கிழவர் ஒருவர் வளையத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றார், துண்டுக்கு நேர் எதிரில். துண்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். உட்காரவில்லை. மகன் அவரிடம் போய்க் குனிந்து குனிந்து அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லி, பெஞ்சியைக் கை காட்டினான். அவர் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று சிரித்தார். வண்டி கிளம்பியது. ஒரு ஸ்டேஷன், இரண்டு ஸ்டேஷன், இன்னும் ஆட்கள் ஏறினார்கள். யாருமே அந்தத் துண்டைத் தொடவில்லை.

எங்கள் ஊராக இருந்தால் வண்டி நகர்ந்த உடனே ஒரு அம்மா துண்டைச் சுருட்டி என் மடியில் போட்டிருப்பாள். "ஆளே இல்லாத எடத்துக்கு இன்னாத்துக்குய்யா துண்டு?" என்று ஒரு சத்தம் போட்டிருப்பாள். நானும் பதிலுக்கு ஒன்று சொல்லியிருப்பேன், பஸ்ஸே சிரித்திருக்கும், விஷயம் முடிந்திருக்கும். இங்கே யாரும் சத்தம் போடவில்லை. அதனால் முடியவும் இல்லை.

மகன் என் பக்கத்தில் வந்தான். "அப்பா, துண்ட எடுங்க."

"நீ உட்காரு."

"நான் உட்கார மாட்டேன்."

"உனக்குத்தாண்டா புடிச்சேன்."

"நான் கேக்கலையே."

இதைச் சொல்லிவிட்டு அவன் திரும்பி நின்றுகொண்டான். எவ்வளவோ பேர் என்னிடம் எவ்வளவோ கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். கேட்காமல் கொடுத்தது இவனுக்கு மட்டும்தான். துண்டை எடுத்திருக்கலாமே என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். பெற்ற பிள்ளைக்கு இடம் பிடித்தவன் எதற்கு எடுக்க வேண்டும்? ஆற்றைத் தாண்டினோம். ஜல்லி அள்ளிய அதே ஆறாம், மருமகள் காட்டினாள். நான் பார்க்கவில்லை. எதிரில் நின்ற கிழவரின் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்ததும் மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். கூட்டத்தில் இடித்துப் பிடித்து இறங்கி, கதவு மூடிய பிறகுதான் தோள் காலியாக இருப்பது தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலியான பெஞ்சியில் என் துண்டு மட்டும் நீட்டிப் படுத்துக்கொண்டு மலையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"போச்சா? உங்க எடத்துல அதுவே ஒக்காந்துகினு போவுது பாருங்க."

அது கோயில் இல்லை. ஸ்டேஷன் பாலத்துக்குக் கீழே கடைகள், கடைகளைத் தாண்டி நேர்நேராகத் தெருக்கள். ஜல்லி நின்ற பிறகு கம்பெனிக்காரன் போட்ட மனைகளாம். தெரு அகலம், வடிகால், மூலைக்கு மூலை மரம். மனை போட்டவன் தொழில் தெரிந்தவன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சின்ன மாடி வீட்டின் முன்னால் கோட்டுப் போட்ட ஒருத்தன் குனிந்து வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ஒரு சாமானும் இல்லை. புது மர வாசனை.

"இது யாரு வூடு?" என்றேன்.

மகன் மருமகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "வாங்கலாம்னு இருக்கோம்ப்பா."

கோட்டுப் போட்டவன் சிரித்த முகத்தோடு ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினான். கீழே ஒரு சின்ன அறை. மகன் அதன் வாசலில் நின்று சொன்னான்: "இது உங்களுக்கும் அம்மாவுக்கும். படி ஏற வேணாம், அதான் கீழ பாத்தோம்."

"நம்ம வூட்டு பாத்ரூம் இதவிடப் பெருசுடா."

"தெரியும்ப்பா."

"மேல்மாடி முழுக்க உனக்குத்தான கட்டி வெச்சிருக்கேன்? டைல்ஸ் கூட நீ வழுக்கி வுழக் கூடாதுன்னு பாத்துப் போட்டேன். பால்கனியில நின்னா ரயிலு தெரியும்."

"நிக்கற ரயிலாப்பா? போற ரயிலா?"

அந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சொந்த ஊர விட்டுட்டு இவனுங்க ஜல்லி லைன்ல வந்து ஒக்காரப் போறியா?"

அவன் சத்தம் போடவில்லை. அவன் சத்தம் போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். "சொந்த ஊரு எதுப்பா? நீங்க பொறந்த ஊரு எங்க இருக்கு, சொல்லுங்க. தாத்தா இருந்த தெரு எங்க? குழிக்குள்ள. இவளோட அப்பா இருந்த எடம்? இன்னொருத்தர் குவார்ட்டர்ஸ். நம்ம வூட்டுக்குக் கீழயும் நிலக்கரி இல்லன்னு உங்களால எழுதிக் கொடுக்க முடியுமா? நீங்க எனக்கு அங்க எடம் புடிச்சு வெக்கறீங்க. நான் உங்களுக்கு இங்க புடிச்சு வெக்கறேன். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இதத்தான் செஞ்சுக்கினு இருக்கோம். யாரும் வந்து உட்காரல."

மருமகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கோட்டுப் போட்டவன் ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்து இன்னும் கொஞ்சம் குனிந்தான். நான் மனைவியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை என் பக்கம் பேசுவாள் என்று. அவள் சமையல்கட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி நல்லா வருதுடா" என்றாள் மகனிடம்.

அவ்வளவுதான் என் சம்சாரம் எனக்குச் செய்த உதவி.

திரும்பி வரும்போது வண்டியில் நிறைய இடம் இருந்தது. நால்வரும் உட்கார்ந்தோம்.

இரண்டொரு நாளில் மகன் வேலை விட்டு வரும்போது ஒரு கண்ணாடிக் கவரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். உள்ளே என் துண்டு. நான்காக மடித்து, மடிப்புக் கலையாமல், அடையாளச் சீட்டு ஒன்று கட்டி வைத்திருந்தார்கள். கடைசி ஸ்டேஷனில் இறக்கி எடுத்து வைத்தார்களாம். அந்தக் காலத்தில் ஜல்லி ஏற்றிய இடம் அதுதான் என்றான். அவ்வளவு தூரம் வந்த நான் பார்க்காத ஊரை என் துண்டு பார்த்துவிட்டு வந்தது.

"கடைசி வரைக்கும் யாரும் உட்காரலியா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். நான் போனதிலிருந்து அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அத எழுதி வெக்கலப்பா."

அந்தச் சிரிப்பில் ஒரு நிமிஷம் எனக்கு நம்பிக்கை வந்தது. "அப்ப வந்துடறியாடா?" என்றேன். சிரிப்பு நின்றுபோனது. "பாக்கலாம்ப்பா" என்றான்.

அதே பாக்கலாம். டிக்கெட் எடுத்து, கடல் தாண்டிப் போய், போனில் கேட்டதையே நேரில் கேட்டுவிட்டு வந்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த வீட்டை வாங்கியாகிவிட்டது என்று தெரிந்தது. எனக்குச் சொல்லவில்லை, அவன் அம்மாவுக்குச் சொன்னான். அவள் பூசணிக்காய் உடைக்க ஆள் கிடைக்குமா அங்கே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் மேலே போய்ப் பால்கனிக் கதவைத் திறந்து, தூசி தட்டி, மறுபடியும் பூட்டிவிட்டு வந்தேன். வாரம் தவறாமல் அப்படிச் செய்தேன். டைல்ஸில் என் காலடி தவிர வேறு காலடி கிடையாது.

அப்புறம் ஒருநாள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருகிறேன், என் மேல்மாடிப் படியில் பித்தளைக் குடமும் மடக்குக் கட்டிலும் ஏறிக்கொண்டிருக்கின்றன. தெர்மல் பவர் ஸ்டேஷன் பக்கம் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்த ஒடிசாக்காரன் ஒருத்தன், அவன் மனைவி, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. என் மனைவி கீழே நின்று "பாத்து, பாத்து, செவுரு இடிக்கப் போவுது" என்று வழி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"யாரக் கேட்டு உட்ட?"

"யாரக் கேக்கணும்? பச்சப் புள்ளைய வெச்சுக்கினு தகர ஷெட்டுல கெடந்தாங்க. நான்தான் வாங்கன்னேன்."

"அது அவனுக்குக் கட்டுனது."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். சிவப்புக் கரை போட்ட அதே துண்டு. "ஏங்க, பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு நாயத்த நீங்கதான எல்லாருக்கும் சொல்லுவீங்க? விசிலு குடுத்து வண்டி எப்பவோ போயிடுச்சு. இப்ப வந்து துண்டு போட்டேன், துண்டு போட்டேன்னா எவன் கேப்பான்?"

எத்தனையோ பேரைப் பேசி மடக்கியவன் நான். அதிகாரிகள் முன்னால் கை கட்டாமல் நின்று பேசியவன். படியில் நின்ற அந்த ஒடிசாக்காரன் குடத்தைத் தூக்கியபடி ஏறுவதா இறங்குவதா என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை வீசி, போ போ என்றேன்.

இப்போது மேலே ஆள் நடமாட்டம் கேட்கிறது. பால்கனியில் குழந்தைத் துணி காய்கிறது. கீழே இருந்து பார்த்தால் ரயில் தெரிவதற்குப் பதிலாக அதுதான் தெரிகிறது. மகன் போனில் கேட்டானாம், மேல எப்படி இருக்காங்க என்று. நல்லா இருக்காங்க என்று அவள் சொன்னாளாம். எனக்குப் போனைக் கொடுக்க வந்தாள், குளிக்கப் போய்விட்டேன்.

போன வாரம் அந்த ஒடிசாக்காரன் நல்ல சட்டை போட்டு, மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கீழே வந்தான். கடலூருக்குப் போய்க் குழந்தைக்குக் கடல் காட்ட வேண்டுமாம். அரைகுறைத் தமிழில், என் முன்வாசலில் நின்று, எதிரே தெரிகிற தண்டவாளத்தைக் காட்டிக் கேட்டான்: "சார், பாசஞ்சர் எப்போ வரும்?"

அந்த நேரம் பார்த்து நிலக்கரி வண்டி ஒன்று போனது. பெட்டி பெட்டியாக, முடிவில்லாமல். அது போய் முடியும்வரை அவன் பொறுமையாக நின்றான். குழந்தை அதற்குக் கை காட்டியது.

"இப்ப எதுவும் நிக்காது" என்றேன். "பஸ்ஸுல போ. பின்பக்கமா போனா ரோடு."

வீட்டுக்குள் புகுந்து, பின்கதவு வழியாக அவர்களைப் போகச் சொன்னேன். பஸ் வரும் சத்தம் கேட்டதும் அவன் இடம் பிடிக்க முன்னால் ஓடினான்.